சேர்க்கை 100 சதவீதம்னா, ஆலைக் களத்துல நிக்கிற பிள்ளை எந்தக் கணக்குல வருது?

கேள்வி: முறுக்குக்கார அம்மா, புதுவயல் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். நான் புதுவயல் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கேன். வீட்டுல முறுக்கு, அதிரசம் சுட்டு காரைக்குடி கடைகளுக்குக் கொடுக்கிறேன். மக மூணாவது படிக்கிறா. எங்க ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில இப்ப நான்தான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. மொத்தமே 22 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர்.

போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல ஹெச்.எம். ஒரு தாளை எடுத்து வாசிச்சாங்க. "நம் குடியிருப்பில் பள்ளி செல்லாக் குழந்தைகள் இல்லை. சேர்க்கை 100 சதவீதம்." எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலையில பலகாரத் தூக்கோட பஸ்ஸுக்குப் போறேன். ஒரு அரிசி ஆலைக் களத்தைத் தாண்டித்தான் போகணும். அவிச்ச நெல்லைக் காயப் போட்டிருந்தாங்க. ஒரு பொம்பளப் பிள்ளை, எட்டு வயசு இருக்கும், செருப்பு இல்லாம நெல்லுக்குள்ள காலை இழுத்து இழுத்து நடந்து கிண்டி விட்டுக்கிட்டு இருக்கு. இடுப்புல தம்பி. நெல்லுல அது நடந்த தடம் கோடு கோடா இருக்கு. ஒடிசாவுல இருந்து வந்த குடும்பம், ஆலைக்குப் பின்னால ஷெட்டுல இருக்காங்க. ரெண்டு வருஷமா அந்தப் பிள்ளையை அங்கதான் பார்க்கிறேன். கையெழுத்துப் போட்ட கை அன்னைக்குப் பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ராத்திரி போன்ல தேடிப் பார்த்தா இன்னும் குழப்பம். உலக நாடுகள் பட்டியல்ல மடகாஸ்கர், ருவாண்டா, மலாவிக்கெல்லாம் 100-க்கு மேல போட்டிருக்கு. இந்தியாவுக்கே 2021-22ல 103.4ன்னு இருக்கு. நூறு பிள்ளை இருக்கிற ஊர்ல நூத்தி மூணு பிள்ளை எப்படிங்க படிக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்த கூட்டத்துல நான் இதைக் கேட்டாகணும். தப்பும் தவறுமாக் கேட்டு நிக்கக் கூடாது.

---

பதில்: எக்கனாமிக்ஸ் தம்பி, காரைக்குடி

அக்கா, பட்டியல்ல நீங்க பார்த்தது மொத்தச் சேர்க்கை விகிதம். அதுல வயசு பார்க்க மாட்டாங்க. ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் வகுப்புல யார் உட்கார்ந்திருந்தாலும் சேர்த்து எண்ணி, அந்த வகுப்புகளுக்கு உரிய வயசுல ஊர்ல எத்தனை பிள்ளைங்க இருக்காங்களோ அதால வகுப்பாங்க. உரிய வயசுப் பிள்ளைங்களை மட்டும் எண்ணினா அது நிகரச் சேர்க்கை விகிதம். அது 100-ஐத் தாண்டாது.

உங்க ஊர் மாதிரி ஒரு ஊரை வச்சுச் சொல்றேன். 6 முதல் 10 வயசுல 20 பிள்ளைங்க இருக்காங்கன்னு வைங்க. பள்ளியில 22 பேர். அந்த 22ல 18 பேர்தான் இந்த வயசு. மூணு பேர் அஞ்சு வயசுலயே ஒண்ணாப்பு வந்தவங்க, ஒருத்தன் 11 வயசாகியும் அஞ்சாப்புல இருக்கான். மொத்த விகிதம் 22-ஐ 20-ஆல வகுத்து 110. நிகர விகிதம் 18-ஐ 20-ஆல வகுத்து 90. மிச்சம் ரெண்டு பிள்ளைல ஒண்ணு பத்து வயசுலயே காரைக்குடியில ஆறாப்பு போயிருச்சு. அதையும் படிக்கிற பிள்ளையா எடுத்துக்கிட்டா 95. அதுக்குச் சரிசெய்த நிகர விகிதம்னு பேரு. கடைசியா மிஞ்சுற ஒண்ணுதான் நிஜமாவே வெளியில நிக்கிற பிள்ளை. ஒரே ஊர், ஒரே நாள், ஆனா 110, 90, 95ன்னு மூணுமே சரியான கணக்கு.

நம்ம மாநிலத்துல இது ரொம்பவே பொருந்தும். இங்க அஞ்சு வயசு முடிஞ்சா ஒண்ணாப்பு. மத்திய அரசுக் கணக்குல தொடக்கப் பள்ளி வயசு 6 முதல் 10. அதனால நம்ம ஒண்ணாப்புப் பிள்ளைங்க நிறையப் பேர் மொத்தத்துல வருவாங்க, நிகரத்துல வர மாட்டாங்க.

உலக அளவுல பார்த்தா, வளரும் நாடுகளோட நிகர விகிதம் 2000ல 83, 2015ல 91ன்னு ஐ.நா.வோட புத்தாயிரம் இலக்குகள் அறிக்கை சொல்லுது. பள்ளிக்கு வெளியில நின்ன தொடக்கப் பள்ளி வயசுப் பிள்ளைங்க சுமார் 10 கோடியில இருந்து 5.7 கோடியாக் குறைஞ்சாங்க. 2015க்குள்ள ஒரு பிள்ளையும் வெளியில நிக்கக் கூடாதுங்கிறதுதான் இலக்கு. அது எட்டல.

---

பதில்: கோட்டையூர்க்காரன், இப்ப நைரோபி

தங்கச்சி, நான் பதினோரு வருஷமா கென்யாவுல கணக்கு வேலை பார்க்கிறேன். 100-க்கு மேல எப்படிப் போகும்னு இந்த ஊர்ல கேட்டா ஒரு தாத்தாவைத்தான் சொல்வாங்க.

2003 ஜனவரியில இங்க தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்தாங்க. 59 லட்சமா இருந்த சேர்க்கை அந்த ஒரே வருஷத்துல 72 லட்சம் ஆயிருச்சு. கட்டணம் கட்ட முடியாம பாதியில நின்ன பதிமூணு, பதினாலு வயசுப் பிள்ளைங்க எல்லாம் சின்ன வகுப்புக்குத் திரும்பி வந்தாங்க. அடுத்த வருஷம் எல்டொரெட் பக்கம் கிமானி மருகேங்கிற பெரியவர், வயசு 84, ஒண்ணாப்புல சேர்ந்தார். அரை டிரவுசர், முழங்கால் வரைக்கும் சாக்ஸ்னு பிள்ளைங்க மாதிரியே யூனிபார்ம் போட்டுக்கிட்டுப் போனார். உலகத்துலயே அதிக வயசுல தொடக்கப் பள்ளி சேர்ந்தவர்னு கின்னஸ்ல பேர் இருக்கு. தம்பி சொன்ன கணக்குல மேல அவரையும் ஒரு ஆளா எண்ணுவாங்க, கீழ அவர் வயசு வராது.

மலாவியில 1994ல, உகாண்டாவுல 1997ல இதே மாதிரி நடந்துச்சு. சேர்க்கை திடீர்னு ஏறும், டீச்சரும் கட்டடமும் அதே வேகத்துல வராது. அதனால ஒரு நாட்டுக்கு 100-க்கு மேல இருக்குன்னா, பெரும்பாலும் அந்த ஊர்ல பழைய பாக்கி இப்பத்தான் தீருதுன்னு நான் எடுத்துக்குவேன். ஃபெயில் போட்டு அதே வகுப்புல உட்கார வைக்கிற நாடுகள்லயும் இப்படித்தான் ஏறும்.

---

பதில்: ஓய்வு பெற்ற டீச்சர், தேவகோட்டை

ஆத்தா, நான் 36 வருஷம் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். தேவகோட்டை, கல்லல் சுற்றுவட்டாரம்தான் எல்லாம். தம்பி போட்ட கணக்கு சரி. ஆனால் நீ சொன்ன ஆலைப் பிள்ளை அந்தக் கணக்குக்குள்ளேயே இல்லை. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லிக் கொடுப்போம். களத்தில் நீ பார்த்த பிள்ளை தொகுதியிலும் இல்லை, பகுதியிலும் இல்லை. அதனால்தான் 100 வந்தது.

எப்படி விட்டுப் போகிறது என்று சொல்கிறேன். ஏப்ரல், மே வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கணக்கெடுப்போம். கையில் குடியிருப்புப் பட்டியல் இருக்கும். கதவு எண் இருக்கிற வீடு, ரேஷன் கார்டு இருக்கிற குடும்பம், இவைதான் பட்டியலில் வரும். ஆலை ஷெட்டுக்குக் கதவு எண் ஏது? கேட்டில் நிற்கிறவர் "உள்ளே பிள்ளைக யாரும் இல்லைங்க டீச்சர்" என்பார். நாமும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். நான் போயிருக்கிறேன். ஒரு செங்கல் காளவாசலில் அப்படித் திரும்பி வந்து, ஒரு வாரம் கழித்து சந்தையில் அதே காளவாசல் பிள்ளைகள் நாலு பேரைப் பார்த்தேன். அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நாடுகளுக்கும் இதே கதைதான். பள்ளிக் கணக்கு கல்வித் துறையிலிருந்து வருகிறது. ஊரில் எத்தனை பிள்ளைகள் என்பது மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வருகிறது. நம் நாட்டில் 2011-க்கு அடுத்து 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனது. அந்த இடைவெளியில் எல்லாம் மதிப்பீடுதான். பஞ்சம், சண்டை என்று ஓடிக் கொண்டிருக்கிற நாடுகளில் எந்தப் பிள்ளை எந்த ஊர்க் கணக்கு என்று யார் எழுதுவது?

வயசையும் நம்பாதே. 1980-ல் நான் வேலையில் சேர்ந்தபோது பிறப்புச் சான்று எவரிடமும் இருக்காது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் அஞ்சு வயசு. எட்டாத பிள்ளைக்கு அப்பத்தா பின்னால் நின்று முழங்கையை அமுக்கிவிடும். விரல் நுனி காது மடலில் பட்டதும் "தொட்டுட்டான், தொட்டுட்டான்" என்று அதுவே சொல்லிவிடும். அஞ்சு வயசு முடிந்த கணக்கு வருகிற மாதிரி ஒரு தேதி போடுவோம். என் சேர்க்கைப் பதிவேட்டில் பாதிப் பேர் மே மாதம் பிறந்தவர்கள். இன்றைக்கு ஐம்பது வயதாகிறவர்களில் எத்தனையோ பேரின் பிறந்த நாள் ஒரு வாத்தியார் எழுதியது.

1982 ஜூலை 1 நன்றாக நினைவிருக்கிறது. சத்துணவு ஆரம்பித்த நாள். அந்த வாரமே அக்கா கையைப் பிடித்துக்கொண்டு தம்பி, தங்கச்சிகளும் தட்டோடு வந்தார்கள். நாலு வயசுப் பிள்ளை ஒண்ணாப்பு மணலில் உட்கார்ந்து 'அ' எழுதும். விரட்டுவதா? எண்ணிக்கை ஏறியது என்று மேலே இருந்து பாராட்டு வந்தது. நான் மகிழ்ந்தது எண்ணிக்கைக்கு அல்ல. அதற்கு முன்பு மத்தியான மணிக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பாத பெண் பிள்ளைகள் மூன்று மணி வரை இருந்தார்கள். இப்போது காலை உணவும் போடுகிறார்கள். 2022-ல் மதுரையில் தொடங்கி அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. அதன் அருமை பசியோடு பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்திருக்கிறான் என்பதும் வருகிறான் என்பதும் வேறு. அறுப்பு முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை போடுகிற ஒரு குடும்பத்துப் பையன் என்னிடம் ரெண்டாப்பு படித்தான். தை பிறந்தால் கிடையோடு போய்விடுவான், ஆடியில்தான் வருவான். வருகைப் பதிவேட்டில் அவன் வரிசை முழுக்க 'ஆ' 'ஆ' என்றே இருக்கும். பெயரை நீக்கினால் இடைநிற்றல் கணக்கு ஏறும், மேலே கேள்வி வரும் என்று நான் நீக்கவில்லை. அந்த வருஷமும் எங்கள் பள்ளி 100 சதவீதம்தான். அவன் ஐந்தாவது முடிக்கவே இல்லை.

சேர்ந்து, தினமும் வந்தும் வாசிக்கத் தெரியாமல் போகிற பிள்ளைகள் அதற்கடுத்த கவலை. பிரதம் என்ற தொண்டு அமைப்பு எடுக்கிற 'ஏசர்' கல்விக் கணக்கெடுப்பில், 2024-ல் நாட்டின் கிராமங்களில் 6 முதல் 14 வயதில் 98.1 சதவீதம் பள்ளியில் சேர்ந்தவர்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 27.1 சதவீதம்.

உன் காரியத்துக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. டி.சி. வர நேரமாகிறது என்றும் சொல்லக் கூடாது. நடு வருஷத்திலும் சேர்க்கலாம். வயசுக்கு உரிய வகுப்பில் உட்கார வைத்து, விட்டுப்போனதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும். கூட்டத்தில் ஹெச்.எம்.மைக் குற்றம் சொல்கிற மாதிரிக் கேட்காதே, அந்தம்மாவுக்கு ரெண்டு பேர் வேலை. "கணக்கெடுக்க ஆலைக்குள்ள போனீங்களா டீச்சர், நானும் கூட வரட்டுமா" என்று கேள்.

---

பதில்: பள்ளத்தூர் வாசகர்

வெளி மாநிலப் பிள்ளைங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. அவங்க படிப்பு அவங்க மாநிலத்துப் பொறுப்பு. நம்ம பள்ளிக் கணக்குல ஏன் சேர்க்கணும்?

---

பதில்: ஓய்வு பெற்ற டீச்சர், தேவகோட்டை

தம்பி, பள்ளத்தூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் தெருவில் இருக்கிற தேக்குத் தூண் எல்லாம் பர்மாவிலிருந்து வந்தது. நம் பக்கத்து ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன அதே மலாயாவுக்குத்தான் நம் ஏழைச் சனங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று அங்கே 1923-ல் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். பல இடத்தில் கொட்டகைதான், கங்காணியே வாத்தியார். இருந்தாலும் நம் பிள்ளைகளை அந்த நாடு எண்ணியது. இன்றைக்கும் மலேசியாவில் 500-க்கு மேல் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. "திரும்பிப் போகிற கூலிதானே" என்று அன்றைக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

---

மீண்டும்: முறுக்குக்கார அம்மா, புதுவயல் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன். ஹெச்.எம். கோவிச்சுக்கல. "நானே போகணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், தனியாப் போகத்தான் யோசனை"ன்னாங்க. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ரெண்டு பேரும் ஆலைக்குப் போனோம். கொஞ்சம் முறுக்கும் கொண்டு போனேன். ஷெட்டுல மொத்தம் அஞ்சு பிள்ளைங்க. நான் பார்த்தது ஒண்ணுதான், மிச்சம் நாலு இத்தனை நாளா என் கண்ணுலயே படல.

அந்தப் பிள்ளையோட ஆதார்ல வயசு ஒன்பது இருக்கு. அவங்க அம்மா சைகையில கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: தம்பியை யார் பார்த்துக்கிறது? அங்கன்வாடி பள்ளி வளாகத்துலயே இருக்கு, தம்பியும் அங்க வரலாம்னு ஹெச்.எம். கையைக் காட்டிப் புரிய வச்சாங்க. புதன்கிழமை மூணு பிள்ளைங்க வந்தாங்க. பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டாங்க. மத்த ரெண்டு பேர் வீட்டுல இன்னும் யோசிக்கிறாங்க, வார ஞாயித்துக்கிழமை திரும்பப் போறோம்.

ஹெச்.எம். பழைய தாளை எடுத்து, பிள்ளைங்க எண்ணிக்கையில அஞ்சைக் கூட்டி, சேர்ந்தவங்கள்ல மூணைக் கூட்டி, 100-ங்கிறதை அடிச்சுட்டாங்க. பக்கத்துல நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்ப ஒரு உதவி வேணும். பிள்ளைக்குத் தமிழ் பத்து வார்த்தைதான் வருது, டீச்சருக்கு ஒடியா தெரியாது. காரைக்குடி, புதுவயல் பக்கம் ஒடியா பேசத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்தாப் போதும். அவங்க அம்மாகிட்டயும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.