அம்மாயி முடிந்து வைத்த காசை எங்கே செலுத்துவது?

ஊத்தங்கரை பேத்தி:
என் அம்மாயி இலங்கையில் மாத்தளைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, 1974-ல் இங்கே வந்தவர். போன மாதம் என் மகளுக்கு அம்மை போட்டபோது, ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை மஞ்சள் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தார். "பத்தினி தெய்யோவுக்குப் பண்டுர" என்றார். இறங்கினதும் ஏழு தாய்மாருக்குப் பாற்சோறு போடணும் என்றும் சொன்னார். மகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டோம். ஆனால் அதற்குள் அம்மாயிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. மாரியம்மன் உண்டியலில் போட்டால் போதும் என்கிறார் என் மாமியார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டிக்காரன், ஓசூர்:
அக்கா, அது கிரி அம்மாமாருக்கு, அதாவது பால் தாய்மாருக்குக் கொடுக்கும் தானம். அம்மையைச் சிங்களத்தில் 'தெய்யன்கே லெடே' என்பார்கள், தெய்வத்தின் நோய். பண்டுர என்பது கொடுத்த வாக்குக்கு அடையாளம். குணமானதும் தானம் கொடுக்க வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார் ஏழு பேரை அழைப்பது வழக்கம், கிடைக்காவிட்டால் பிள்ளை பெற்ற பெரியவர்கள். கிரிபத் என்கிற பாற்சோறு, கவும் என்கிற எண்ணெய்ப் பலகாரம், வாழைப்பழம், வெற்றிலை வைப்பார்கள். கிரிபத்தைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து, தட்டில் பரப்பி வில்லை போடுங்கள். உப்பு மட்டும்தான், சீனி வேண்டாம். அன்றைக்கு வீட்டில் மீன், கறி கூடாது. விளக்கேற்றிப் பத்தினிக்கு முதலில் படைத்துவிட்டு அப்புறம் பரிமாறுங்கள். தேவாலயம் என்று சொல்கிற சிங்களத் தெய்வக் கோயில்களில் புதனும் சனியும் விசேஷம்.

காசு மட்டும் தேவாலயத்துக்குப் போக வேண்டியது. கண்டியில் புத்தர் பல் இருக்கிற தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. டிசம்பரில் ஊருக்குப் போகிறேன், கொடுத்தால் சேர்த்துவிடுகிறேன்.

பென்னாகரம் அண்ணன்:
பத்தினி என்பது நம் கண்ணகிதான் தங்கச்சி. எங்கள் வீட்டிலும் அம்மை போட்டால் மஞ்சள் துணியில் காசு முடிவோம், இறங்கினதும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். உங்கள் மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், அவரையும் அந்த ஏழு பேரில் உட்கார வையுங்கள்.

ஊத்தங்கரை பேத்தி:
எல்லாவற்றையும் அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். 'சீனி வேண்டாம்' என்று வந்த இடத்தில் தலையை ஆட்டினார், கண் நிறைந்துவிட்டது. வரும் புதன்கிழமை காலையில் வைத்திருக்கிறோம். தேங்காயை மாமியாரே வாங்கி வந்துவிட்டார். கண்டி அண்ணா, காசை டிசம்பரில் ஓசூருக்கே வந்து தருகிறேன். முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே சேர்த்துவிடுங்கள்.