புதுப்பிப்பு: ரைல்ஸ் மேசனுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு?

மட்டக்களப்பில் சின்னக் கட்டட வேலை எடுப்பவர்கள் ரைல்ஸ் மேசனுக்கு எப்படி விலை பேசுவது என்று முன்பு எழுதியதில், மேசன், கையாள் நாட்கூலியை மட்டும் கூட்டி, ஒரு நாளில் பதிக்கும் 100 சதுர அடியால் வகுத்திருந்தேன். 70 ரூபாய் வந்தது. அந்தக் கணக்குப் பிழை.

சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு நாம் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதியும் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியும் கட்டுவதில்லை. அதைச் சேர்த்தால் மேசனின் 4,000 ரூபாய் நாட்கூலி 4,600 ஆகும். மாதம் 26 நாளில் 20 நாள்தான் வேலை கிடைக்கும் என்றால் (மாரியில் அதுவும் இல்லை) 26ஆல் பெருக்கி 20ஆல் வகுக்க 5,980. கிரைண்டர் தேய்மானம், பிளேட், பெற்றோல் 520. கையாள் 3,000. மொத்தம் 9,500, சதுர அடிக்கு 95 ரூபாய். கூலித் தொகை உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர்க் கூலியைப் போடுங்கள்.

இது 2க்கு 2 அடி ரைல்ஸ், வெறும் தரை. குளியலறைக்கும் இதே விலை பேசினால் ஆள் பாதியில் போய்விடுவார். தண்ணீர் ஓட வாட்டம், குழாய்த் துளை, மூலை வெட்டு என்று நாளுக்கு 50 சதுர அடி தாண்டாது. அங்கே இரட்டிப்பு. ஸ்கேர்ட்டிங்குக்கு (சுவரடியில் ஓடும் ரைல்ஸ் பட்டி) நீள அடியில், படிக்கட்டுக்கு எண்ணிக்கையில் விலை பேசுங்கள்.

சீமெந்து வராமல் ஆள் குந்தியிருந்தால் அந்த நாள் நம் செலவு. கூலியில் கடைசி 5 வீதத்தை, பதித்த ரைல்ஸைத் தட்டிப் பார்த்தபின் கொடுங்கள். வெறுமையாகச் சத்தம் கேட்டால் அடியில் சாந்து நிரம்பவில்லை.