தாத்தாவின் செப்புக்காசு: புளி போடலாமா, கூடாதா?

அடையாறுவாசி:
தாத்தாவோட டிரங்குப்பெட்டியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய செப்புக்காசு. பெரும்பாலும் கால் அணா. 1808 போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி இருபது காசு ஒன்று, ராஜராஜன் காசு நாலு. எல்லாம் கறுப்பும் பச்சையுமா இருக்கு. அம்மா புளியையே ஊற வச்சுட்டாங்க. ஒரு நாள் பொறுங்கன்னு கெஞ்சிட்டு இங்கே வந்திருக்கேன்.

பித்தளைக்குடம்:
அம்மா சொல்றதைக் கேளுங்க. புளி, ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு நிமிஷம். குத்துவிளக்கு மாதிரி மின்னும். அழுக்கோட வச்சு என்ன பண்ணப் போறீங்க?

காசுக்கிறுக்கன்:
குடம் அண்ணே, விளக்கு வேற, காசு வேற. அந்தக் கறுப்பும் பழுப்பும் அழுக்கு இல்லை. செம்பு காற்றோட சேர்ந்து தனக்குத் தானே போட்டுக்கிட்ட தோல். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் அதைக் கரைச்சு, பச்சைக்குழந்தை மேனி மாதிரி இளஞ்சிவப்பா ஆக்கிடும். ராஜராஜன் காசில் ஒரு பக்கம் ராஜா நிற்பார், மறுபக்கம் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் நாகரி எழுத்து. பல காசுகளில் அந்த எழுத்து ஏற்கெனவே தேஞ்சு மெலிசா இருக்கும், போச்சுன்னா போச்சு. மூர் மார்க்கெட் பக்கம் புளி போட்ட காசைக் கொண்டுபோங்க, கையில் வாங்கின உடனே திருப்பித் தருவாங்க. எதையும் தொடாதீங்க.

பித்தளைக்குடம்:
தொடவே கூடாதா? 1809 ஜனவரியில் சென்னைக்குக் காசு ஏத்திட்டு வந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் இங்கிலாந்துக் கரையிலேயே மூழ்கிச்சு. உள்ளே இருந்தது இதே 1808 காசுதான். 1980களில் கடலடியிலிருந்து எடுத்தவங்க கழுவாமலா வித்தாங்க?

வேதியியல்வாத்தியார்:
கேள்வி நியாயம், முடிவு தப்பு. கடல் காசிலிருந்து எடுக்க வேண்டியது உப்பு. நீங்க உப்பைப் போடச் சொல்றீங்க!

கிறுக்கன் தம்பி, நீங்க சொன்ன “எதையும் தொடாதீங்க”வும் நம்ம ஊருக்கு முழுசாப் பொருந்தாது. பச்சையில் ரெண்டு ஜாதி. கெட்டியா, வழவழன்னு, நகம் பட்டாலும் உதிராதது நல்ல களிம்பு. அது இருக்கட்டும். வெளிறிய பச்சையில் மாவு மாதிரி, பல்குத்தும் குச்சி பட்டாலே உதிர்றது நோய். உள்ளே குளோரைடு, அதாவது உப்பில் இருக்கிற சமாச்சாரம், தங்கியிருக்கு. ஈரமும் காற்றும் பட்டா அமிலம் உண்டாகி, அந்த அமிலமே மறுபடி செம்பைத் தின்னும். கடல் காற்று வீசுற அடையாறில் அது நிற்கவே நிற்காது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளுக்கு வைத்தியம் பார்க்கத்தான் 1930களிலேயே வேதியியல் கூடம் இருந்தது.

(செம்பில் களிம்பு கூடவே பிறந்ததுன்னு சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வாங்க. அவங்க மனசில் எந்த ஜாதிக் களிம்பு இருந்ததோ!)

சந்தேகமா இருக்கிற காசை மட்டும், மூடின டப்பாவில் ஈரப் பஞ்சு பக்கத்தில் ஒரு நாள் வைங்க. பஞ்சு காசில் படக்கூடாது. புதுசா வெளிர்ப்பச்சை பூத்தா நோய்தான்.

மற்றதுக்கு டிஸ்டில்ட் வாட்டர். கேன் தண்ணி ஆகாது, போர் தண்ணி கூடவே கூடாது. பேட்டரிக்கு ஊத்துவாங்களே, அது. தினம் மாத்துங்க. மண்ணை மூங்கில் குச்சியால் தள்ளுங்க, கம்பி பிரஷ் வேண்டாம். அசிட்டோனில் முக்கி உலர்த்தி, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டுக் காற்று புகாத டப்பாவில் வைங்க. பி.வி.சி. கவர் வேண்டாம், அது விடுற பசையே பச்சை பிடிக்க வைக்கும்.

காசுக்கிறுக்கன்:
நோய்க்கு, குளோரைடை வெளியே இழுக்கிற சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல்னு சொல்லப் போறீங்க, தெரியும். வாரக்கணக்கில் ஊறினா மேல்தோல் நீலம் பாயுது சார். நானே ஒண்ணை அப்படிக் கெடுத்தேன்.

வேதியியல்வாத்தியார்:
பாயும், மறுக்கலை. குழி விழுந்து ஓட்டையாகிறதை விட நீலம் தேவலை. ஆனா நோய் வந்த காசுக்கு மட்டும்.

காசுக்கிறுக்கன்:
அதையும் உலர்ந்த டப்பாவில் போட்டாலே அடங்கும்னு நான் சொல்றேன்.

வேதியியல்வாத்தியார்:
டப்பாவைத் திறக்கிற வரைக்கும்.

அடையாறுவாசி:
பஞ்சு வச்சுப் பார்த்தேன். ஒரு ராஜராஜனில் மட்டும் மூணு புள்ளி பூத்திருக்கு, தனி டப்பாவுக்குப் போயாச்சு. இருபது காசு நல்ல களிம்பு, தொடலை. அம்மா விடலை, ஒரு கால் அணாவுக்குப் புளி போட்டுட்டாங்க. மின்னுது. “தாத்தா காசு மாதிரியே இல்லையேடா”ன்னு அவங்களே சொல்றாங்க.

பித்தளைக்குடம்:
போட்டோ போடுங்க, நான் பார்க்கணும்.