'ஸ்டிமுலண்ட்': ஊக்கமருந்தா, தூண்டியா?

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்ற அன்பர்களுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பந்திங் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கான போதைப்பொருள் விழிப்புணர்வுத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூளையையும் உடலையும் முடுக்கிவிடும் பொருளைக் குறிக்கும் 'ஸ்டிமுலண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குரிய தமிழ்ச்சொல்லோ இன்னும் முடிவாகவில்லை.

ஐயா பரிந்துரைத்த 'ஊக்கமருந்து' விளையாட்டுச் செய்திகளில் நிலைபெற்ற சொல்லே. ஆயினும் திருக்குறளில் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே இருக்க, அதை மனனம் செய்யும் பிள்ளையிடம், வாழ்வைக் கெடுக்கும் பொருளையும் அப்பெயரால் சுட்ட எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் 'கிளர்ச்சியூட்டி'யிலும் ஓர் இடர் உண்டு: 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்த எங்கள் முதியவர்களுக்குக் கிளர்ச்சி என்றால் உரிமைப் போராட்டம்.

'தூண்டி' என்பதே என் பரிந்துரை. தூண்டல், துலங்கல் என்னும் இணையைப் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கிறார்கள். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை அளவுமீறிச் சுரக்கச் செய்து, உறக்கத்தையும் பசியையும் விரட்டி, இதயத்துடிப்பை விரைவுபடுத்தும் பொருளின் செயலை அவ்வினையடி நேராகச் சொல்கிறது. தூண்டிலும் அதே அடியில் பிறந்த சொல் என்பதை எண்ணும்போது பொருத்தம் கூடுகிறது. காப்பியிலுள்ள காஃபினும் தூண்டியே ஆதலால், தடைசெய்யப்பட்டவற்றைத் 'தூண்டுபோதைப்பொருள்' எனப் பிரிக்கலாம்.

மெத்தம்பெட்டமின் என்னும் போதைப்பொருளின் பேச்சுவழக்குப் பெயரான 'சியாபு'வைச் 'சப்பு' என்னும் வினையோடு ஐயா இணைத்தது ஒலி ஒப்புமை மட்டுமே. அது ஜப்பானிய வழக்கு. மெத்தம்பெட்டமினை 1893-இல் நாகாய் நாகயோசி ஆக்கியதும், 1919-இல் அகிரா ஒகாட்டா படிகமாக்கியதும் அந்நாட்டில்தான். அச்சொல்லை நீக்கிப் 'பளிங்குநஞ்சு' என்று எழுத வேண்டும் என்பதை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். செம்பனை லாரி ஓட்டும் மகன் கைப்பேசியில் 'சியாபு' என்று சொல்லக் கேட்ட தாய், அதே சொல்லைத் துண்டறிக்கையில் காண வேண்டும். பளிங்குநஞ்சு என்று மட்டும் இருந்தால், அது தம் வீட்டுச் செய்தி என்றே அவருக்குத் தெரியாது.

மறுமொழி:

தம்பி, இகர விகுதி கருவியையும் குறிக்கும், செய்பவரையும் குறிக்கும். 'தூண்டி' என்றால் கலகம் தூண்டியவர் என்றும் பொருள்படும். உங்கள் கிளர்ச்சித் தடை இதற்கும் பொருந்துகிறது. பெரும்பாலோர் இசைந்துவிட்டதால் அச்சிடுங்கள், சியாபுவும் இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது என் மறுப்பையும் உடன் பதிக்க வேண்டுகிறேன்.