பிணத்துக்குப் பயம், கையுறைக்குப் பயமில்லை

இறந்தவர்களைக் கழுவி, பதப்படுத்தி, உடுத்திவிடுவது என் வேலை. "தொட்டால் நோய் ஒட்டாதா?" என்று கேட்காத ஆளே இல்லை. பெரும்பாலான உடல்கள் சும்மா கிடக்கும்வரை யாரையும் ஒன்றும் செய்யாது. ரத்தம், கழிவு, நெஞ்சில் தங்கிய காற்று, இவை வெளியே வரும்போதுதான் கவனம் வேண்டும்.

காற்று என்றால் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. உடலை ஒருக்களித்துப் புரட்டும்போது சில சமயம் முனகல் போல ஒரு சத்தம் வரும். நுரையீரலில் மிச்சமிருந்த காற்று, அவ்வளவுதான். அதைக் கேட்டு ஒரு பையன் வாளியைப் போட்டுவிட்டு ஓடியே போனான். ஆவிக்குப் பயந்தானே தவிர, காசநோய்க் கிருமி அந்தக் காற்றோடு வரலாம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை! புரட்டுமுன் வாயையும் மூக்கையும் துணியால் மூடிவிடுவோம். காசநோய் என்று தெரிந்தால் சாதாரண முகக்கவசம் போதாது, என்95 வேண்டும்.

அப்புறம் ஊசி. போர்வை மடிப்பில் சிக்கி வரும், அதனால் எதையும் உதறக் கூடாது. எல்லாரும் நடுங்குவது எச்ஐவிக்கு. ஆனால் அந்தக் கிருமியுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3 அளவுதான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் 30 வரை போகும். காய்ந்த ரத்தத்திலும் 7 நாளாவது உயிரோடு இருக்கும் வைரஸ் அது. தடுப்பூசி போடாமல் இந்த வேலைக்கு வரவே கூடாது என்பேன். குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

இத்தனையும் தெரிந்தவர்கள்தான், மணி அடித்ததும் ஈரக் கையுறையோடு போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். அதே போன் வீட்டில் குழந்தை கைக்குப் போகும்.

*

நான் பிணவறையில் துப்புரவுப் பக்கம். மேசையில் ரத்தம் கிடக்க, அதன்மேலேயே பிளீச்சை ஊற்றிவிட்டு "முடிந்தது" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தமே பிளீச்சிலுள்ள குளோரினின் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் துடைத்தெடுக்க வேண்டும், பிறகு 0.5 சதவீதக் குளோரின் கரைசல், அதையும் 10 நிமிடமாவது ஊற விட வேண்டும். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் சிந்திய இடத்தில் மட்டும் பிளீச் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. ஃபார்மலின் தனியாகவே பொல்லாதது. அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே முடிவுக்கு வந்துவிட்டது. புகை வெளியேற்றும் விசிறியைக் கூரையில் மாட்டினால் ஃபார்மலின் புகை நம் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும். மேசை உயரத்தில் வையுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், கூரையில்தான் அழகாக இருக்கிறதாம்.

*

உடல் வரும்போது வீட்டாரிடம் பேசுவது நான். இறந்தவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று குடும்பத்தார் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். சாதாரண மரணம் என்றால் தாராளமாகப் பிடிக்கலாம், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி. எபோலா மாதிரி நோய் என்றால் கதையே வேறு. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அது பரவியதற்கு உடலைத் தொட்டுக் கழுவிய சடங்குகளும் ஒரு காரணம். அதனால் உடல் வந்ததும் நான் முதலில் கேட்பது இறப்புக்கான காரணம்தான். அதைச் சொல்லத்தான் பல வீட்டார் கூச்சப்படுகிறார்கள்.