குவாண்டம் துகள்களின் பிணைப்பைச் 'சிக்கல்' என்று எழுதலாமா?

இயற்பியல் ஆசிரியர்:
மேல்நிலை மாணவர்களுக்காக, 2022ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அலென் அஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவரும் ஒளித்துகள் இணைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளுக்காக அப்பரிசு வழங்கப்பட்டது. இரண்டு துகள்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும், ஒன்றின் நிலையை மற்றொன்றை விட்டுத் தனியே விவரிக்க இயலாத ஒரு நிலை உண்டு. ஆங்கிலத்தில் 'என்டேங்கிள்மென்ட்' எனப்படும் அந்நிலையைச் சிலர் 'குவாண்டம் சிக்கல்' என்று தமிழில் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. நிதிச் சிக்கல், குடும்பச் சிக்கல், மலச்சிக்கல் என்று வழங்கும் மொழியில், 'குவாண்டம் சிக்கல்' என்ற தலைப்பைப் பார்க்கும் மாணவன் குவாண்டம் கொள்கையில் ஏதோ கோளாறு என்றே எண்ணுவான். 'பிணைப்பு' என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து.

பாவும் ஊடையும்:
ஐயா, 'சிக்கல்' வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். 'பிணைப்பு' வேண்டும் என்பதில் உடன்பட முடியவில்லை. அதே மாணவன் வேதியியல் வகுப்பில் அயனிப்பிணைப்பு, சகப்பிணைப்பு என்று படித்துவிட்டுத்தான் உங்கள் வகுப்புக்கு வருகிறான். அங்கே பிணைப்பு என்றால் அணுக்களைச் சேர்த்து வைக்கும் விசை. நீங்கள் சொல்லும் துகள்களுக்கு இடையே அப்படி இழுத்துப் பிடிக்கும் விசை எதுவும் இல்லையே!

நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் 'பிணைத்தல்' என்றால், தறியில் தீர்ந்துபோகும் பழைய பாவின், அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்களின், ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் இழையோடு விரலால் முறுக்கி இணைக்கும் வேலை. அது ஒருவர் திட்டமிட்டுச் செய்வது. 'பின்னல்' என்பதும் அப்படியே. மூன்று புரிகளும் தத்தம் முறைப்படி மாறி மாறி வரும். 'முடிச்சு' இறுகியது. 'சிக்கு' இவற்றில் எதுவுமன்று. அம்மா நூலில் சிக்கு விழுந்தால் ஒருபோதும் இழுக்க மாட்டார். மடியில் வைத்து, நுனி எங்கே என்று தேடாமல், நடுவிலிருந்து மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டே இருப்பார். "இழுத்தால் முடிச்சாகிவிடும், அப்புறம் அறுக்கத்தான் வேண்டும்" என்று எங்களுக்கும் சொல்வார். சிக்கு விழுந்த நூலில் ஓர் இழையை மட்டும் தொட வழியே இல்லை. ஒன்றை அசைத்தால் எல்லாமே அசையும். நீங்கள் விவரித்த நிலைக்கு மிக அருகில் நிற்கும் சொல் இதுதான். 'சிக்குநிலை' என்று எழுதுங்கள்.

நாகைக்காரன்:
சொல்லின் வேரையும் பார்க்க வேண்டும். 'சிக்கெனப் பிடித்தேன்' என்று திருவாசகத்தில் மாணிக்கவாசகர் பாடும்போது, அங்கே குழப்பமும் இல்லை, தொல்லையும் இல்லை. விடாமல் இறுகப் பற்றுதல் என்பதே பொருள். எங்கள் நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிக்கல் என்னும் ஊரின் தலவரலாறும் இதையே சொல்கிறது. வசிட்டர் வெண்ணெயால் செய்து வழிபட்ட இலிங்கத்தை எடுக்க முயன்றபோது அது பெயராமல் அங்கேயே சிக்கிக்கொண்டதாம். எனவே பற்றிக்கொண்டு பெயராமையே இச்சொல்லின் பழைய பொருள் என்றும், நூலும் தலைமுடியும் சிக்காவது அதிலிருந்து விரிந்தது என்றும், 'தொல்லை' என்ற பொருள் அதற்கும் பிற்பட்டது என்றும் நான் கருதுகிறேன். கடைசியாக வந்த பொருளுக்கு அஞ்சி ஒரு நல்ல சொல்லைக் கைவிட வேண்டுமா?

இயற்பியல் ஆசிரியர்:
வேர் எதுவாயினும், மாணவன் இன்றைய வழக்கைக் கொண்டுதான் படிக்கிறான். 'பிரச்சினை' என்பதும் வடமொழியில் கேள்வியைக் குறித்த சொல்தான். அதற்காக இன்று "ஆசிரியர் ஒரு பிரச்சினை கேட்டார்" என்று எழுத முடியுமா?

இலக்கணத் தடை ஒன்றும் உண்டு. 'சிக்கு' என்னும் வினை, சிக்க வைக்கும் ஒன்றை எதிர்பார்க்கிறது. மீன் வலையில் சிக்கும். மான் கண்ணியில் சிக்கும். திருடன் காவலரிடம் சிக்குவான். துகள்கள் சிக்கின என்றால், எதில் சிக்கின என்று மாணவன் கேட்பான். அதற்கு என்னிடம் விடை இல்லை. பிணைதலுக்கு அந்தக் குறை கிடையாது. 'ஒன்றோடொன்று பிணைந்தன' என்றால் பொருள் முற்றுப்பெறுகிறது.

பாவும் ஊடையும்:
நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்று நாங்கள் நாள்தோறும் சொல்கிறோம். அங்கே வலையும் இல்லை, கண்ணியும் இல்லை. ஆகவே வினை இடம் தராது என்பது சரியன்று.

வாசலில் போடும் சிக்குக் கோலத்தையும் எண்ணிப் பாருங்கள். புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து, கம்பி புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரும். 'சிக்கு' என்பது அங்கே குற்றமன்று, அழகு. பலர் சேர்ந்து போட்டதுபோலத் தோன்றும் வளைவுகளெல்லாம், நல்ல கோலத்தில் ஒரே கம்பியாக இருக்கும். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள வளைவை மட்டும் அழித்துவிட்டு எஞ்சியதைக் கோலம் என்று சொல்ல முடியாது. மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல படம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்?

இயற்பியல் ஆசிரியர்:
கோலத்தின் உவமை என்னை உண்மையாகவே நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆனால் எல்லாச் சிக்குக் கோலங்களும் ஒரே கம்பியால் ஆனவை அல்ல. தனித்தனி வளையங்கள் ஊடாடும் கோலங்களும் அதே பெயரால் வழங்குகின்றன.

மொழிபெயர்ப்பாளர்:
இருவரும் ஆங்கிலச் சொல்லையே சுற்றி வருகிறீர்கள். எர்வின் ஷ்ரோடிங்கர் 1935இல் இதற்கு இட்ட செருமன் பெயர் 'ஃபெர்ஷ்ரெங்குங்'. மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொள்வதற்கும் செருமனில் அதே சொல்தான். அதில் குழப்பத்தின் சாயலே இல்லை. ஒன்றுக்குள் ஒன்று மாறிப் பூட்டிய ஒழுங்கு இருக்கிறது. அந்த வகையில் 'கோத்தல்' பொருந்துமா என்று பார்க்கலாம். கைகோத்தல் என்கிறோம் அல்லவா?

பாவும் ஊடையும்:
பூவையும் மணியையும் கோக்க இடையே ஒரு நூல் வேண்டும். 'கோத்த துகள்கள்' என்று எழுதினால், அந்த நூல் எது என்று கேட்பார்கள். கைகோத்தவர்களோ விரும்பியபோது கையை விட்டுவிட்டு, முன்பிருந்த அதே ஆட்களாகப் பிரிந்து போவார்கள். எனவே இச்சொல் இங்கே உதவாது.

நாகைக்காரன்:
'பின்னிப் பிணைந்த' என்ற இரட்டைச் சொல்லையும் பரிந்துரைக்கிறார்கள். பேச்சுக்கு அது இனியது. ஆனால் கலைச்சொல்லிலிருந்து வினையெச்சமும் பெயரெச்சமும் தொகையும் ஆக்க வேண்டியிருப்பதால், நீளமான இரட்டைச் சொல் ஒவ்வொரு வரியிலும் காலைத் தடுக்கும்.

இயற்பியல் ஆசிரியர்:
நேற்றிரவு கட்டுரையின் மைய வாக்கியத்தை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். "இரு துகள்கள் பிணைந்திருக்கும்போது, ஒன்றின் நிலையைத் தனியே எழுத இயலாது." "இரு துகள்கள் சிக்குண்டிருக்கும்போது, ஒன்றின் நிலையைத் தனியே எழுத இயலாது." இரண்டாவது வாக்கியத்தில் காரணமும் விளைவும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும், 'உண்' என்னும் துணைவினை துகள்களுக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததுபோல் காட்டுவது இன்னும் உறுத்துகிறது. ஆகவே 'பிணைப்பு' என்பதைச் சற்றே மாற்றி, கட்டுரையில் 'பிணைவு' என்று எழுதப் போகிறேன். வேதிப்பிணைப்பு வேறு, இது வேறு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, அதன் கீழே சிக்குக் கோலத்தின் படத்தை வைக்கிறேன்.

பாவும் ஊடையும்:
படத்தை வைத்துவிட்டால், அதன் பெயரையும் கீழே எழுதத்தானே வேண்டும், ஐயா! ஐந்து புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடியும், ஒரே கம்பியில் வரும் கோலமாக நானே போட்டு அனுப்புகிறேன்.