முள்ளியவளைச் சொந்தங்கள்: செவ்வாய் லீவோ?

வியாழன் இரவு 7.42

சின்ன மாமி: செவ்வாய் பள்ளிக்கூடம் இல்லையாம். உண்மையே? ஆரோ அனுப்பினது

ராசன் அண்ணை: திங்கள் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல், அதுக்கு அடுத்த நாள்தானே. லீவாத்தான் இருக்கும்

சின்ன மாமி: அப்ப பிள்ளையளையும் வற்றாப்பளைக்குக் கூட்டிக்கொண்டு போறன். விடிய விடிய நிக்கலாம்

ரீச்சரக்கா: மாமி, பொறுங்கோ. அப்பிடி ஒரு கடிதமும் வரேல்லை. கல்வி வலயத்தில இருந்து வந்தா உடன வகுப்புப் பக்கத்தில முதல் வரியாப் போடுவன். இப்ப அதில "செவ்வாய் வழமைபோல" எண்டுதான் கிடக்கு

ராசன் அண்ணை: எந்தப் பக்கம்

ரீச்சரக்கா: பள்ளிக்கூடம் துவங்கினதில இருந்து நாலு தரம் அனுப்பீட்டன் அண்ணை. திரும்பச் சொல்லுறன், ஆறுதலா வாசியுங்கோ. இது கூகுள் சைட்ஸில நான் செய்த தரம் 5 பக்கம். காசு இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, லிங்கை அமத்தினா நேர திறக்கும். வாட்ஸ்அப்பில போடுறது அடுத்த நாள் காலமை வணக்கப் படங்களுக்கு அடியில போயிடுது. பக்கத்தில போட்டது போட்ட இடத்திலயே இருக்கும். மேல அறிவித்தல், கீழ இந்தக் கிழமை வீட்டுவேலை. கடைசியா ஈ-தக்சலாவ லிங்க். அது கல்வி அமைச்சின்ரை, தமிழிலயும் பாடம் இருக்கு. படம் போடேல்லை. போனில எடுக்கிற ஒரு படமே மூண்டு நாலு எம்பி வரும். ஆற்றையும் டேட்டாவை நான் கரைக்கக்கூடாது

கனடாச் சித்தப்பா: படம் போடு பிள்ளை. விளையாட்டுப்போட்டியில எங்கட குட்டி ஓடினதை நாங்கள் இங்க இருந்து பாக்க வேண்டாமே

செல்வி: என்ர பிள்ளையின்ர படம் வேண்டாம் அக்கா

கனடாச் சித்தப்பா: ஏன் செல்வி

செல்வி: வேண்டாம் சித்தப்பா

ராசன் அண்ணை: சித்தப்பா அந்தக் கலியாண வீட்டுப் படத்தையும் கேக்காமத்தானே பேஸ்புக்கில போட்டவர்

கனடாச் சித்தப்பா: அது எப்பத்தையக் கதை

பெரியம்மா: எங்களுக்கு நேற்று மாதிரிக் கிடக்கு

ரீச்சரக்கா: செல்வி சொல்லுறதுதான் சரி. கூகுளில தேடினாக் காட்டவேண்டாம் எண்டு ஒரு பெட்டி இருக்கு, அதில சரி போட்டு வச்சிருக்கிறன். எண்டாலும் லிங்க் கிடைச்ச ஆரும் பாக்கலாம். அதால பிள்ளையளின்ர முகம், முழுப்பேர், விலாசம் ஒண்டும் அதில வராது. முதல் குடுத்த படிவத்தில தாய் தகப்பன்ர நம்பர் கேட்டிருந்தன். ஒரு பிள்ளை எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி, தாளே கிழிஞ்சுபோச்சு. தாய் குவைத்தில, வளக்கிறது அம்மம்மா. இப்ப அதை மாத்தி "வீட்டில ஆரோட கதைக்கலாம்" எண்டுதான் கேக்கிறன்

பெரியம்மா: அந்த அம்மம்மாவிட்ட பட்டன் போன்தான் பிள்ளை

ரீச்சரக்கா: தெரியும் பெரியம்மா. அதுக்காகத்தான் பிள்ளை வாசிச்சதைப் பதிஞ்சு உங்கட போனுக்குத் தனிய அனுப்பினனான்

பெரியம்மா: குடுத்தனான். வேலிக்கரையில நிண்டு, கோல் வந்த மாதிரிக் காதில வச்சுக்கொண்டா. பதிவு எண்டு தெரியாது. பிள்ளை வாசிக்க வாசிக்க "ஓம் குஞ்சு, ஓம் குஞ்சு" எண்டு மறுமொழி சொல்லிக்கொண்டே நிண்டவ. முடிய "வச்சிட்டானே?" எண்டு கேட்டா

செல்வி: 😢

ரீச்சரக்கா: பெரியம்மா...

சின்ன மாமி: திங்கள் வான் எத்தினை மணிக்கு

ராசன் அண்ணை: 5

பெரியம்மா: காட்டா விநாயகர் கோவிலில இருந்து அம்மனுக்குப் படைக்கிற மடைப்பண்டம் வெளிக்கிட முதல் நாங்கள் அங்க நிக்கவேணும். போன முறை ராசன்ர வானால பிந்தினது

ராசன் அண்ணை: வான் பிந்தேல்லை. நீங்கள் சீலை மாத்தினது

கனடாச் சித்தப்பா: எனக்கும் ஒரு கற்பூரம் கொளுத்துங்கோ

ரீச்சரக்கா: வான் கதைக்கு முதல் ஒண்டு. போன் இல்லாத வீடு எங்கட வகுப்பில ஆறு. கிழமைக்கு ஒருக்கா பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து தண்ணீரூற்றுக் கடையில ஒட்ட ஆராவது நிக்கவேணும். அண்ணை, நீங்கள் அந்தப் பக்கம்தானே போறனீங்கள்

ராசன் அண்ணை: பாப்பம்

செல்வி: ஒரு ஆளும் இல்லையெண்டா நான் ஒட்டுறன் அக்கா. ரியூசனுக்குப் போற வழிதானே

கனடாச் சித்தப்பா: பிரிண்ட் காசு நான் அனுப்புறன். படம் கேக்கேல்லை

ராசன் அண்ணை: திறந்திட்டுது. வீட்டுவேலை நாலாவது கணக்கு விடை சரி வருகுதில்லை. மகன் அழுறான்

ரீச்சரக்கா: பொறுங்கோ பாக்கிறன்

ரீச்சரக்கா: ஓம், 12 எண்டு வரவேண்டியதை 21 எண்டு அடிச்சிட்டன். திருத்தீட்டன். திரும்பத் திறந்து பாருங்கோ, அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ

சின்ன மாமி: 5 எண்டா எங்களை முதல் ஏத்துவியளோ கடைசியா ஏத்துவியளோ